காமெட் விமானமும் களைத்த உலோகமும்

ஆகாயப் பிரயாணம் இன்று யாருக்கும் வியப்பளிக்கும் செய்தியன்று. முப்பத்தைந்தாயிரம் அடி உயரத்தில், வெளியே உடலை உறையச் செய்யும் குளிரும் மூச்சுக்குப் போதாத மெல்லிய காற்றும் சூழ்ந்திருக்க, உள்ளே ஓர் உலோகச் சுவரின் மறைவில் அமர்ந்து மனிதர் உணவருந்துகின்றனர், உறங்குகின்றனர், குழந்தைகள் சன்னலோர இடத்துக்குச் சண்டையிடுகின்றனர். அந்தச் சுவரின் கனம் எவ்வளவு, அதை நம்பலாம் என்று யார் எவ்வாறு அறிந்து சொன்னார்கள் என்று எவரும் கேட்பதில்லை. அதை அறிந்த வரலாற்றையே இன்று நான் சொல்லப் புகுகின்றேன். அது பெரும்பாலும் 1952-ஆம் ஆண்டுக்கும் 1955-ஆம் ஆண்டுக்கும் இடையே நடந்தது. காமெட் என்னும் விமானம் அதன் நாயகன்.

இரண்டாம் உலகப் போர் முடியுமுன்னரே, போருக்குப் பின் எத்தகைய பிரயாணி விமானங்கள் வேண்டியிருக்கும் என்பதை ஆராயப் பிரிட்டிஷ் அரசாங்கம் பிரபாசான் பிரபுவின் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. பெரிய விமானங்களைக் கட்டுவதில் அமெரிக்கா நெடுந்தொலைவு முந்திவிட்டிருந்தது. அதே பாதையில் ஓடி அதை எட்டிப் பிடிப்பது எளிதன்று. வேறு பாதையில்தான் முந்த வேண்டும். அந்த வேறு பாதை, அன்று போர் விமானங்களில் மட்டுமே பயன்பட்டு வந்த ஜெட் யந்திரம். டி ஹாவிலண்ட் கம்பெனி இப்பணியை ஏற்றது. ரொனால்டு பிஷப் என்பவர் விமானத்தை வகுத்தார். 1949 ஜூலை 27-ஆம் நாள் ஹாட்ஃபீல்டு விமானத் திடலிலிருந்து ஜான் கன்னிங்ஹாம் என்னும் விமானி அதை முதன்முதலாக வானில் செலுத்தினார். அன்று அவருக்குப் பிறந்த நாள். கம்பெனியை நிறுவிய சர் ஜெஃப்ரி டி ஹாவிலண்டுக்கும் அதே நாளே பிறந்த நாள்.

காமெட் அழகிய விமானம். நான்கு ஜெட் யந்திரங்களும் இறக்கையின் அடிப்பகுதிக்குள்ளேயே புதைந்திருந்தன. விசிறி கொண்ட விமானங்கள் மணிக்கு முந்நூறு மைல் வேகத்தில் அதிர்ந்து குலுங்கிச் சென்ற காலத்தில், இது 450 மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் ஓசையடங்கி வழுக்கிச் சென்றது. 1952 மே 2-ஆம் நாள் லண்டனிலிருந்து தென்னாப்பிரிக்காவின் ஜொஹன்னஸ்பர்க்குக்கு 36 பிரயாணிகளுடன் ஒரு காமெட் புறப்பட்டது. உலகிலேயே கட்டணம் பெற்றுப் பிரயாணிகளை ஏற்றிச் சென்ற முதல் ஜெட் விமானப் போக்குவரத்து அதுவே. அந்த விமானத்துக்கு 'யோக் பீட்டர்' என்று பெயர். பதிவெண்ணின் இறுதி எழுத்துகளைக் கொண்டு விமானிகள் அழைத்த பெயர். அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் கொழும்புக்கும், பின்னர்ச் சிங்கப்பூருக்கும், மறு ஆண்டு டோக்கியோவுக்கும் காமெட் சென்றது. அமெரிக்கக் கம்பெனிகளும் வாங்க முன்வந்தன.

இங்கு விஞ்ஞானத்தைச் சிறிது பேசியாக வேண்டும். ஜெட் யந்திரம் தாழ்வான வானத்தில் எரிபொருளை வாரி விழுங்கும். உயரச் சென்றால்தான் சிக்கனமாகும். ஆகவே காமெட் 35,000 முதல் 40,000 அடி வரை ஏற வேண்டியிருந்தது. அவ்வுயரத்தில் மனிதன் உயிரோடிருக்க வேண்டுமானால் விமானத்தின் உள்ளே காற்றை அடைத்து வைக்க வேண்டும். அதனால் உட்புறச் சுவரின் ஒவ்வொரு சதுர அங்குலத்தின்மீதும் 8¼ பவுண்டு எடை வெளிநோக்கி அழுத்தியது. ஒரு சிறு சன்னலின் பரப்பைக் கணக்கிட்டுப் பார்ப்பவர்களுக்கு அதன்மீது ஓர் ஆனைக்கன்று சாய்ந்து நிற்பது போன்ற பளு என்பது விளங்கும். அந்நாளைய விமானங்களுள் எதுவும் இவ்வளவு அழுத்தத்தைத் தாங்கியதில்லை. காமெட்டின் உடலைப் போர்த்திய அலுமினியக் கலவைத் தகட்டின் கனமோ, பெரும்பாலான இடங்களில், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. விமானம் ஒவ்வொரு முறை மேலேறும்போதும் அத்தகடு பலூன் போல் விம்மியது. கீழிறங்கும்போது பழைய நிலைக்குச் சுருங்கியது.

இவ்வாறு விம்மிச் சுருங்குவதால் உலோகம் தளரும் என்பது அன்று யாரும் அறியாத புதுமையன்று. மெல்லிய கம்பியை மாறி மாறி வளைத்து ஒடிக்காத பிள்ளைகள் உண்டோ? ஒரே முறை இழுத்தால் அறாத கம்பி, பலமுறை வளைத்தால் ஒடிந்துபோகிறது. 1842-ஆம் ஆண்டில் பிரான்சில் வெர்சேல்ஸ் அருகே ஒரு ரயில் யந்திரத்தின் அச்சு முறிந்து ஐம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டபோதே பொறியாளர்கள் இதைப் பற்றிச் சிந்திக்கத் தொடங்கினர். பின்னர் ஜெர்மனியில் ஆகஸ்ட் வோலர் என்பவர் ரயில் அச்சுகளை ஆண்டுக்கணக்கில் சோதித்து, இவ்வளவு பளுவை இத்தனை முறை ஏற்றினால் இவ்வுலோகம் முறியும் என்று கணக்கிட்டுக் காட்டினார். இதற்கு உலோகக் களைப்பு என்று பெயர். காமெட் பறப்பதற்கு முந்தின ஆண்டாகிய 1948-இலேயே, நெவில் ஷூட் என்னும் நாவலாசிரியர் உலோகக் களைப்பால் பிரயாணி விமானமொன்றின் வால் முறிவதையே மையமாக வைத்து 'நோ ஹைவே' என்ற நாவலை எழுதி வெளியிட்டிருந்தார். அவர் தம் இளமையில் டி ஹாவிலண்ட் கம்பெனியிலேயே வேலை பார்த்தவர் என்பதைக் கேட்கும்போது விதியின் விளையாட்டை எண்ணாமல் இருக்க முடிவதில்லை.

டி ஹாவிலண்ட் பொறியாளர்களும் களைப்பை மறந்துவிடவில்லை. இதை வற்புறுத்திச் சொல்கின்றேன். ஏனெனில் அவர்கள் அவசரக்காரர்கள், சோதித்துப் பாராமல் விமானத்தைப் பறக்க விட்டவர்கள் என்று பலர் எழுதிவிட்டனர். உண்மை வேறு. விமான உடலின் ஒரு பகுதியைத் தனியே செய்து, முதலில் வழக்கமான அழுத்தத்தைப் போல் இரு மடங்கு அழுத்தத்தை அதில் ஏற்றிப் பார்த்தனர். அது தாங்கியது. பின்னர் அதே பகுதியில் வழக்கமான அழுத்தத்தை ஏற்றியும் இறக்கியும் சோதித்தனர். 16,000 முறைக்கு மேல் தாங்கியது. ஒரு விமானம் தன் ஆயுளில் அத்தனை முறை பறக்கப் போவதில்லை. நேர்மையான சோதனை; நிறைவளிக்கும் விடை. ஆயினும் அவ்விடைக்குள்ளேயே பிழை ஒளிந்திருந்தது. அது எப்படி என்பதைப் பின்னர்க் காண்போம்.

முதலில் வந்த விபத்துகளை விரைவாகச் சொல்லிவிடலாம். 1952 அக்டோபரில் ரோமாபுரியில் ஒரு காமெட் மேலெழ இயலாமல் திடலின் எல்லையில் சென்று முடங்கியது, உயிர்ச்சேதம் இல்லை. 1953 மார்ச்சில் கராச்சியில் அதேபோல் மற்றொன்று மேலெழாமல் தரையில் மோதி 11 பேர் இறந்தனர். விமானிகள் மூக்கை மிகையாக உயர்த்தியதே காரணம் என்று கூறப்பட்டது. பின்னர் இறக்கையின் முன்விளிம்பின் வடிவமே மாற்றி அமைக்கப்பட்டது என்றால், பழி முழுவதும் விமானிகளுடையதன்று என்பது தெளிவு.

அடுத்தது நம் நாட்டில் நேர்ந்தது. 1953 மே 2-ஆம் நாள், காமெட் போக்குவரத்துத் தொடங்கி ஓராண்டு நிறைவுற்ற அதே நாள், கல்கத்தாவின் டம்டம் நிலையத்திலிருந்து டெல்லிக்குப் புறப்பட்ட காமெட் ஒன்று ஆறே நிமிடங்களில் வானிலேயே சிதறி வீழ்ந்தது. அதிலிருந்த 43 பேரும் இறந்தனர். வங்காளத்தில் கோடைப் பிற்பகல்களில் திடீரென்று எழும் கால்பைசாகிப் புயலை அறிந்தவர்கள், அந்த இடிப் புயலில் சிக்கி விமானம் உடைந்தது என்ற விளக்கத்தை உடனே ஏற்றனர். இந்திய விசாரணை மன்றத்தின் முடிவும் அதுவே. அது பிழையான முடிவு என்று நான் சொல்ல வரவில்லை. புயல் மெய்யாகவே கடும் புயல்தான். ஆனால் கண்ணெதிரே ஒரு பெரிய காரணம் நிற்கும்போது, அதன் பின்னால் வேறொன்று ஒளிந்திருக்கக் கூடுமோ என்று எட்டிப் பார்க்கும் எண்ணம் யாருக்கும் எளிதில் எழுவதில்லை.

1954 ஜனவரி 10-ஆம் நாள் வானில் புயல் ஏதும் இல்லை. சிங்கப்பூரிலிருந்து வந்த யோக் பீட்டர், அந்த முதற் பிரயாணத்தைச் செய்த அதே விமானம், ரோமாபுரியிலிருந்து லண்டனுக்குப் புறப்பட்டது. இருபது நிமிடங்கள் கழிந்தன. விமானி மற்றொரு விமானத்தின் தலைவருடன் வானொலியில் பேசிக்கொண்டிருந்தார். அவருடைய வாக்கியம் பாதியில் நின்றுபோயிற்று. எல்பா தீவின் அருகே கடலில் வலை வீசிக்கொண்டிருந்த மீனவர்கள் மேகத்துக்கு மேல் இடி போன்ற ஓசையைக் கேட்டனர். எரியும் துண்டுகள் கடலில் விழுவதைக் கண்டனர். 35 பேர் மாண்டனர். போர்க்கால வரலாற்றாசிரியரும் வானொலிச் செய்தியாளருமான செஸ்டர் வில்மாட் அவர்களுள் ஒருவர்.

காமெட் விமானங்கள் நிறுத்தப்பட்டன. வல்லுநர் குழு கூடியது. தீப்பற்றியிருக்கலாம், யந்திரத்தின் சுழல் தகடு உடைந்து எரிபொருள் தொட்டியைத் துளைத்திருக்கலாம், இறக்கை அதிர்ந்து முறிந்திருக்கலாம். இவ்வாறு எண்ணிப் பார்க்கக்கூடிய காரணங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பரிகாரம் செய்தனர். உடைந்த விமானத்தின் பெரும்பகுதி இன்னும் கடலடியில் கிடந்தது. உண்மைக் காரணம் இன்னதென்று ஒருவருக்கும் தெரியாது. ஆயினும் மார்ச் 23-ஆம் நாள் காமெட்டுகள் மீண்டும் பறந்தன. பதினாறாம் நாள், ஏப்ரல் 8 அன்று, ரோமாபுரியிலிருந்து கெய்ரோவுக்குச் சென்ற 'யோக் யோக்' என்னும் காமெட் நேப்பிள்ஸ் அருகே கடலில் வீழ்ந்தது. 21 பேர் மடிந்தனர். நூறு காரணங்களுக்கு மருந்திட்டு ஒரு காரணத்தை விட்டுவிட்டால் நோய் தீராது அன்றோ? காமெட்டின் பறக்கத் தகுதிச் சான்று பறிக்கப்பட்டது.

இரண்டாம் விமானம் விழுந்த இடத்தில் கடலின் ஆழம் 3,000 அடிக்கு மேல்; அதை எடுக்க வழியில்லை. எல்பாக் கடலின் ஆழம் சில நூறு அடிகளே. அப்போது மத்தியதரைக் கடலின் பிரிட்டிஷ் கடற்படைத் தலைவராக இருந்தவர், நம் நாட்டின் கடைசி வைசிராயாக விளங்கிய மவுண்ட்பேட்டன் பிரபு. கடற்படைக் கப்பல்கள் நீரடியில் டெலிவிஷன் கண்களை இறக்கித் தேடின. இத்தாலிய மீன்பிடி படகுகள் வலை கொண்டு கடலடியை அரித்தன. துண்டு துண்டாக வந்ததை இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ ஆராய்ச்சிச் சாலைக்கு அனுப்பினர். அங்கே மரச் சட்டங்களின்மேல் அவற்றை அதனதன் இடத்தில் பொருத்தி விமானத்தை மீண்டும் உருவாக்கினர். இறந்தவர்களின் உடல்களைச் சோதித்த பீசா பல்கலைக்கழக மருத்துவர், நுரையீரல்கள் கிழிந்திருந்ததையும் மண்டையோடுகள் உடைந்திருந்ததையும் கண்டு, காற்றழுத்தம் கணப்பொழுதில் மறைந்ததே காரணம் என்று கூறியிருந்தார்.

ஃபார்ன்பரோவின் தலைவர் சர் ஆர்னால்டு ஹால். அவர் செய்த முடிவு எளியது. ஆனால் அதுவரை யாரும் துணியாதது. காரணம் எதுவாக இருக்கும் என்று ஊகிப்பதை ஒருபுறம் வைத்துவிட்டு, முழு விமானமொன்றை எடுத்து, அது வானில் வாழும் வாழ்க்கையைத் தரையில் வாழச் செய்து பார்ப்போம் என்றார். அதற்குள் காற்றை அடைத்துச் சோதித்தால், கிழியும் கணத்தில் விமானமே வெடிகுண்டாகிச் சிதறிவிடும். எங்கே முதலில் கிழிந்தது என்பதும் தெரியாது. நீரோ சுருங்கி விரியாது. ஆகவே ஒரு பெருந்தொட்டி கட்டி, 'யோக் அங்கிள்' என்னும் காமெட்டின் உடலை அதனுள் மூழ்கவைத்து, உள்ளும் புறமும் நீரால் நிரப்பினர். இறக்கைகள் மட்டும் தொட்டிக்கு வெளியே இருபுறமும் நீட்டிக்கொண்டிருந்தன. உள்ளே நீரழுத்தத்தை 8¼ பவுண்டுக்கு ஏற்றினர், இறக்கினர். வானத்தின் காற்று அசைப்பதைப் போல் இறக்கைகளை யந்திரங்கள் மேலும் கீழும் வளைத்தன. சில நிமிடங்களில் ஒரு பிரயாணம் முடிந்தது. இரவும் பகலும் விமானம் அசையாமல் நின்றபடியே பறந்தது.

1954 ஜூன் மாத இறுதியில் தொட்டியின் அழுத்தம் சட்டென்று இறங்கியது. நீரை வடித்துப் பார்த்தபோது, அவசர வழியில் இருந்த சன்னலின் மூலையிலிருந்து உடல் பல அடி நீளத்துக்குக் கிழிந்திருந்தது. அவ்விமானம் அதற்குமுன் மெய்யாகப் பறந்தது 1,200 முறைக்குச் சற்று மேல்; தொட்டியில் பறந்தது 1,800 முறைக்கு மேல். ஆக மொத்தம் மூவாயிரத்தைச் சற்றே தாண்டிய அளவிலேயே உலோகம் களைத்துவிட்டது. பதினாறாயிரம் எங்கே, மூவாயிரம் எங்கே! யோக் பீட்டரோ 1,290 முறையும், யோக் யோக் 900 முறையுமே அழுத்தத்தைத் தாங்கியிருந்தன.

ஜவுளிக் கடையில் துணியை அளந்தபின் ஓரத்தில் கத்தரியால் ஒரு சிறு வெட்டு வைத்துவிட்டுக் கையால் கிழிப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வெட்டு இல்லாத இடத்தில் கிழியாத துணி, வெட்டுள்ள இடத்தில் சரசரவென்று கிழிகிறது. இழுப்பு விசை முழுவதும் அம்முனையில் வந்து கூடிவிடுகிறது. விமான உடலில் சன்னலுக்காக வெட்டிய துளையின் மூலையும் அவ்வாறே. அங்கே அடித்த ஆணித் துளைகள் அந்த இழுப்பை இன்னும் பெருக்கின. ஃபார்ன்பரோவில் அளந்தபோது, மூலையில் விளைந்த இழுவிசை அத்தகடு அறுந்துபோவதற்குரிய விசையில் நூற்றுக்கு எழுபது பங்கை நெருங்கியது தெரிந்தது.

அவ்வாறாயின் கம்பெனி செய்த சோதனை ஏன் பதினாறாயிரம் என்று சொல்லிற்று? இதுவே இக்கதையின் நெஞ்சு. முதலில் இரு மடங்கு அழுத்தம் ஏற்றிச் சோதித்த அதே பகுதியைத்தானே களைப்புச் சோதனைக்கும் வைத்தார்கள்? அந்த இரு மடங்கு அழுத்தத்தில் சன்னல் மூலைகளின் உலோகம் சற்றே இளகி நீண்டுவிட்டது. அழுத்தம் நீங்கியதும் சுற்றியிருந்த தகடு அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. அவ்விறுக்கம் பின்னர் வந்த இழுப்புகளில் பெரும்பகுதியைத் தானே ஏற்றுக்கொண்டது. அதாவது, வலிமையைச் சோதிக்கச் செய்த செயலே சோதனைப் பொருளுக்கு வலிமையைக் கொடுத்துவிட்டது. பிரயாணிகளை ஏற்றிச் சென்ற விமானங்களுக்கு அந்த வலிமை கிட்டவில்லை. பரீட்சை எழுதிய மாணவன் ஒருவன். பதவிக்குச் சென்றவன் வேறொருவன்.

தொட்டியில் ஒரு விமானம் கிழிந்ததால் மட்டும் கடலில் விழுந்ததும் அவ்வாறே கிழிந்தது என்று சொல்லிவிட முடியாது. ஃபார்ன்பரோ அறிஞர்கள் அதையும் உணர்ந்திருந்தனர். கடலிலிருந்து வந்த இறக்கையின்மேல் விமான உடலின் வண்ணப்பூச்சுக் கீறல்கள் இருந்தன. வாற்பகுதியில் பிரயாணிகள் அறையின் கம்பளத் துண்டு சிக்கியிருந்தது. ஆகவே இறக்கையும் வாலும் முழுதாக இருந்தபோதே நடு உடல் வெடித்தது என்பது புலனாயிற்று. ஆகஸ்டில் ஒரு மீன்பிடி படகு யோக் பீட்டரின் கூரைத் துண்டு ஒன்றைக் கொணர்ந்தது. திசையறியும் வானொலிக் கருவிக்காக அக்கூரையில் வெட்டியிருந்த திறப்பின் மூலையில், ஓர் ஆணித் துளையருகே, களைப்பின் அடையாளம் தெளிவாகக் காணப்பட்டது. காமெட்டின் சதுரச் சன்னல்களே விபத்துக்குக் காரணம் என்று இன்றும் பல நூல்கள் எழுதுகின்றன. பிரயாணிகள் எட்டிப் பார்த்த சன்னல்களிலிருந்து யோக் பீட்டரின் கிழிசல் தொடங்கவில்லை என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்வது நல்லது.

கோஹன் பிரபுவின் தலைமையில் 1954 அக்டோபரில் லண்டனில் பகிரங்க விசாரணை தொடங்கியது. உலோகக் களைப்பே காரணம் என்று மறு ஆண்டு பிப்ரவரியில் அறிக்கை வெளிவந்தது. டி ஹாவிலண்ட் கம்பெனி தன் சோதனைகளையும் அவற்றில் நேர்ந்த பிழையையும் மன்றத்தின்முன் மறைக்காமல் வைத்தது. போட்டியிட்ட அமெரிக்கக் கம்பெனிகள் அதை வரிக்கு வரி படித்தன. போயிங் விமானத்தின் தோல் கனமாயிற்று; வெடிப்பு ஒன்று தோன்றினாலும் ஓரளவுக்கு மேல் பரவாதபடி உட்புறத்தில் தடுப்புப் பட்டைகள் அமைந்தன. 1958 அக்டோபர் 4-ஆம் நாள் புதிதாக வகுத்த நான்காம் வகைக் காமெட் அட்லாண்டிக் கடலைக் கடந்து முதல் ஜெட் போக்குவரத்தைத் தொடங்கியது. மூன்றே வாரங்களில் போயிங் 707 வந்தது. நூறு பேருக்கு மேல் ஏற்றும் அதனோடு காமெட் போட்டியிட முடியவில்லை. 1960-இல் ஏர் இந்தியா வாங்கிப் பறக்கவிட்டதும் அந்தப் போயிங்கைத்தான். காமெட் முந்திச் சென்று ஈட்டிய அறிவின் பயன் பிறர் கைக்குச் சென்றது என்று ஆங்கிலேயர் பலகாலம் வருந்தினர். வருத்தம் நியாயமானதே. ஆனால் அவ்வறிவை அவர்கள் பெட்டியில் பூட்டி வைத்திருந்தால் எத்தனை நாட்டவர் இறந்திருப்பார்கள் என்பதையும் எண்ண வேண்டும்.

இதனோடு தொடர்புடைய இன்னொரு செய்தி. காமெட் விபத்துகளைப் பற்றி ஆராய ஆஸ்திரேலியாவில் கூடிய அறிஞர்களுள் டேவிட் வாரன் என்ற ரசாயனி ஒருவர் இருந்தார். அவர் தந்தையார் 1934-இல் விமான விபத்தில் மறைந்தவர். விமானிகள் இறுதியாகப் பேசியதைப் பதிவு செய்து காக்கும் கருவி ஒன்று இருந்தால் இத்தனை ஊகம் எதற்கு என்று அவர் கேட்டார். 1954-இல் அதைக் கட்டுரையாக எழுதினார். ஆரம்பத்தில் அவர் சொல்லைக் கேட்பார் இல்லை. இன்று பத்திரிகைகள் 'கறுப்புப் பெட்டி' என்று எழுதும் கருவி அந்தக் கேள்வியிலிருந்து வளர்ந்தது.

களைப்பு அதன் பின்னும் மனிதனை ஏமாற்றவே செய்தது. ஓர் உறுப்பு முறிந்தால் மற்றொன்று தாங்கிக்கொள்ளும் என்று நம்பியிருந்தபோது, 1977-இல் ஜாம்பியாவின் லுசாகாவில் பழைய போயிங் 707 சரக்கு விமானம் ஒன்றின் வாலிறக்கை களைப்பால் முறிந்து ஆறு பேர் இறந்தனர். துணை உறுப்பு இருந்தது. முதல் உறுப்பில் வெடிப்பு கண்டதை யாரும் பார்க்கவில்லை. 1988 ஏப்ரலில் ஹவாய்த் தீவுகளில் 89,680 முறை பறந்திருந்த போயிங் 737 ஒன்றின் முன்கூரை வானிலேயே பிய்ந்து பறந்தது. ஒரு பணிப்பெண் உயிரிழந்தார். கூரையற்ற விமானத்தை விமானிகள் தரையிறக்கினர். வெடிப்புகள் இருந்தே தீரும், அவை பெரிதாகுமுன் கண்டுபிடிக்கும் வகையில் குறித்த கால இடைவெளியில் விமானத்தைப் பரிசோதிக்க வேண்டும் என்னும் முறை இந்நிகழ்ச்சிகளால் உறுதிப்பட்டது. 2011-இல் போக்குவரத்துக்கு வந்த போயிங் 787 விமானத்தின் உடல் உலோகமே அன்று. கரிநாரைப் பசையிட்டு இறுக்கிச் செய்தது. அதன் சன்னல்கள் முந்தியவற்றைவிடப் பெரியவை. புதிய பொருள் உலோகத்தைப் போல் களைப்பதில்லை என்று அறிந்திருந்தும், பறக்காத முழு விமானமொன்றைச் சட்டத்தில் பூட்டிப் பல ஆண்டுகள் வளைத்தும் விம்மச் செய்தும் சோதித்தனர்.

யோக் பீட்டரின் கூரைத் துண்டு இப்போது லண்டன் விஞ்ஞானப் பொருட்காட்சிச் சாலையில் இருக்கிறது. இரண்டு திறப்புகளும், அவற்றைச் சுற்றி வரிசை வரிசையாக ஆணித் துளைகளும் கொண்ட வளைந்த தகடு. கிழிந்த விளிம்பு தெளிவாகத் தெரிகிறது. கிழிசல் தொடங்கிய துளையோ ஒரு மிளகு நுழையும் அளவுதான் இருக்கும்.